செம்மண்ணுக்குள்ள செம கெமிஸ்ட்ரி!

ஹீரோ - ஹீரோயின் கெமிஸ்ட்ரி பத்தி மணிக்கணக்கா பேசுற நாம, காலுக்குக் கீழே நடக்குற கெமிஸ்ட்ரியைக் கண்டுக்கறதே இல்லை! எந்தத் தனிமம் பூமியில் எங்கே இருக்கு, அங்கே எப்படி வந்துச்சு, ஏன் தங்கிடுச்சு... இதைத் துப்பறியறதுதான் ஜியோகெமிஸ்ட்ரி. அதாவது, புவிவேதியியல். 1838-லேயே பேர் வெச்சாச்சு.

புதுக்கோட்டை செம்புறாங்கல்லையே எடுத்துக்குங்க. காலம் காலமா பெய்யுற மழை, பாறையிலிருந்து கால்சியம், சோடியம், சிலிக்கானு ஒவ்வொண்ணா கரைச்சு அள்ளிட்டுப் போயிடும். லேசில் கரையாத இரும்பும் அலுமினியமும் மட்டும் அடம்பிடிச்சு உட்கார்ந்துக்கும். அந்த இரும்போட துருதான் இந்தச் சிவப்பு!

பொற்பனைக்கோட்டையில் இரும்பு உருக்கின தடயங்கள் கிடைச்சிருக்கு. அந்தக் காலத்து ஆளுங்களுக்கு இந்த இரும்பு ஹீரோ. விவசாயிக்கோ வில்லன்! காசு கொடுத்து வாங்கிப் போடுற பாஸ்பேட் உரத்தை இரும்பும் அலுமினியமும் கெட்டியா பிடிச்சுக்கும். மண்ணில் பாஸ்பரஸ் இருக்கும். செடி பட்டினி கிடக்கும். இன்னொரு மூட்டை கொட்டினா பாக்கெட்தான் காலி. மண்ணைப் பரிசோதிச்சு, புளிப்புத்தன்மை இருந்தா சுண்ணாம்பு, கூடவே தொழு உரம்னு போடுறதுதான் புத்திசாலித்தனம்.

எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி பார்ட்டிகளே, இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தில் கெமிஸ்ட் வேலைக்கு யு.பி.எஸ்.சி. பரீட்சை இருக்கு. ஜியாலஜி கிளாஸ் பக்கமும் கொஞ்சம் எட்டிப் பாருங்க!