வேலை தேடித் தரும் ஆபீஸ்: வரவும் செலவும்

மாதக் கடைசியில் கணக்கு நோட்டைப் பிரித்து, "கொடுத்த பணத்துக்குத் தக்க சாமான் வந்ததா?" என்று பார்ப்பது குடும்பஸ்தர்களின் வழக்கம். சர்க்கார் காரியங்களையும் அவ்விதமே பார்ப்பதில் தவறில்லை. வேலை வாய்ப்பு அலுவலகங்களை இன்று அந்தத் தராசில் நிறுத்திப் பார்ப்போம்.

1945-ஆம் வருஷம் ஜூலை மாதம், யுத்தம் முடியும் தறுவாயில், பட்டாளத்திலிருந்து விடுபடும் சிப்பாய்களுக்காக ஏற்பட்டவை இவை. 1948-இல் இவற்றின் கதவு சகல ஜனங்களுக்கும் திறந்தது. 1956 நவம்பரில் நிர்வாகம் ராஜ்ய சர்க்கார்களின் கைக்கு வந்தது. 1969 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து முழுச் செலவும் அவற்றின் தலையிலேயே விழுந்தது. பதிவு செய்துகொள்ள வருகிறவரிடம் கட்டணம் வாங்குவதில்லை. கட்டிடம், குமாஸ்தா, காகிதம் யாவும் நம் வரிப் பணம்தான்.

பலன் என்ன? 2014 இறுதியில் தேசமெங்கும் பதிவேட்டில் இருந்தோர் சுமார் 4 கோடியே 82 லட்சம். அவ்வருஷம் இவற்றின் மூலம் வேலை பெற்றோர் ஏறக்குறைய 3 லட்சத்து 40 ஆயிரம். அதாவது, சுமார் 140 பேருக்கு ஒருவர்! அதிலும் பெரும்பகுதி குஜராத் ஒன்றிலேயே. மற்ற ராஜ்யங்களின் நிலையை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். பதிவேட்டில் உள்ள எல்லோரும் வேலையற்றவர்கள் அல்லர். மாணவர்களும், வேறு உத்தியோகம் தேடுவோரும் அதில் உண்டு. ஆயினும் பலன் சொற்பமே.

குற்றம் குமாஸ்தாக்களுடையதன்று. 1959-ஆம் வருஷத்துச் சட்டம், காலி இடங்களை இந்த ஆபீஸுக்குத் தெரிவிக்கும்படி சர்க்கார் ஸ்தாபனங்களையும், இருபத்தைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் ஸ்தாபனங்களையும் கட்டாயப்படுத்தியது. ஆனால் ஆபீஸ் அனுப்பும் ஆளையே நியமிக்க வேண்டுமென்று அது விதிக்கவில்லை. 1996-இல் சுப்ரீம் கோர்ட்டும், பத்திரிகைகளில் விளம்பரம் செய்து, நேரே விண்ணப்பிப்பவர்களையும் பரிசீலிக்க வேண்டுமென்று கூறிற்று. நியாயமான தீர்ப்பே, ஆனால் வரிசையில் காத்திருந்தவருடைய இடத்தின் மதிப்பு அதனால் குறைந்தது.

ஆகவே, பதிவு செய்தவர் எத்தனை லட்சம் என்று சொல்லி மகிழ்வதில் பயனில்லை. ஒவ்வோர் ஆபீஸுக்கும் வருஷச் செலவு எவ்வளவு, அங்கு வந்து சேர்ந்த காலி இடங்கள் எத்தனை, வேலை பெற்றோர் எத்தனை பேர் என்ற மூன்றையும் அருகருகே பிரசுரிக்க வேண்டும். ஒருவருக்கு வேலை தேடித் தர ஆன செலவு அப்போதுதான் விளங்கும்.

அட்டையைப் பெட்டியில் பத்திரப்படுத்தி, தவணை தவறாமல் புதுப்பித்து, தபால்காரரை எதிர்பார்த்தே வயது கடந்த பிள்ளைகள் நம் வீடுகளில் அநேகர். அவர்கள் இழந்த வருஷங்கள் எந்த பட்ஜெட்டிலும் செலவாக ஏறுவதில்லை. பதிவைக் கைவிட வேண்டாம். ஆனால் அதை மட்டும் நம்பி வாளாவிருக்கவும் வேண்டாம்.