கடல் கடக்கும் காகிதமும் மின்னாவணமும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பேரேட்டை ஆய்வு செய்தோம். அதில் ‘வெளிநாட்டுத் துறைமுகச் செலவு வகையில் கழிவு’ என்றொரு வரி நம் கண்ணிற்பட்டது. சங்கமோ தன் துண்டுகளையும் படுக்கை விரிப்புகளையும் உள்ளூர் ஏற்றுமதியாளர் ஒருவரிடமே கொடுத்திருந்தது. அதற்கும் வெளிநாட்டுத் துறைமுகத்திற்கும் என்ன தொடர்பு என்று காரியதரிசியை வினவினோம். அவர் கூறிய விவரம் அங்கத்தினர் யாவரும் அறிய வேண்டியது.

சரக்கு தூத்துக்குடியிற் கப்பலேறி, வளைகுடாத் துறைமுகம் ஒன்றைக் குறித்த நாளில் அடைந்துவிட்டது. ஆனால் சரக்கைப் பெறுவதற்குரிய காகிதங்கள் போய்ச் சேரவில்லை. இன்வாய்ஸில் ஒரு பெயரும் கப்பற் சீட்டில் சற்றே மாறிய பெயரும் இருந்தமையால், வங்கி அவற்றைத் திருப்பிவிட்டது. திருத்திய காகிதங்கள் போய்ச் சேரும்வரை கன்டெய்னர் துறைமுகத்திற் கிடந்தது. வாடகையும் தாமதக் கட்டணமும் ஏறின. வாங்குபவர் அதனை விலையிற் கழித்தார். ஏற்றுமதியாளர் சங்கத்தின் கணக்கிற் கழித்தார். தீபாவளிக்கு முன் தறிக்காரர்களுக்குச் சேர வேண்டிய போனஸ், தீபாவளி கழிந்த பின்னரே சேர்ந்தது. நெய்தவர் கையிற் குற்றமில்லை, கப்பலிற் குற்றமில்லை, காகிதம் பிந்தியதே குற்றம்.

சீட்டின் மூன்று வேலைகள்

‘பில் ஆஃப் லேடிங்’ என வழங்கும் கப்பற் சரக்குச் சீட்டு மூன்று வேலைகளைச் செய்கிறது. சரக்கைப் பெற்றுக்கொண்டதற்குக் கப்பல்காரர் தரும் ரசீது அது. ஏற்றிச் செல்லும் ஒப்பந்தத்திற்குச் சான்று அது. சரக்கின்மீதுள்ள உரிமையைக் கைமாற்றும் பத்திரமும் அதுவே. இம்மூன்றாவது தன்மையை இங்கிலாந்து நீதிமன்றங்கள் 18-ம் நூற்றாண்டின் இறுதியில் வணிகர் வழக்கத்தைக் கொண்டு உறுதி செய்தன.

ஆதலின் சீட்டை யார் முறைப்படி வைத்திருக்கிறாரோ அவருக்கே துறைமுகத்திற் சரக்கு கிடைக்கும். வாங்குபவர் பணம் செலுத்தினாலன்றி வங்கி சீட்டை விடாது. முகமறியாத இருவர் கடல் கடந்து நம்பிக்கையோடு வியாபாரம் செய்ய முடிவது இதனாலேயே. காகிதம் வழியில் தொலைந்துபோகலாம் என்றஞ்சி, மூன்று அசல்களாக எழுதித் தரும் வழக்கமும் ஏற்பட்டது.

பாய்க்கப்பற் காலத்திற்கு இம்முறை பொருந்தியது. இன்றோ அண்டைத் துறைமுகத்திற்குக் கப்பல் சில நாட்களில் சென்றுவிடுகிறது. வங்கிக்கு வங்கி மாறிச் செல்லும் காகிதமே பின்தங்குகிறது. அவசரத்திற்கு, சீட்டில்லாமலே சரக்கை விடும்படி கப்பல்காரருக்குப் பொறுப்புறுதிக் கடிதம் எழுதித் தருவோரும் உளர். அதில் வழக்கு நேர்ந்தால் எல்லோருக்கும் தொல்லை.

நகல் என்னும் சிக்கல்

அப்படியாயின் சீட்டை மின்னஞ்சலில் அனுப்பிவிடலாகாதா என்று அங்கத்தினர் கேட்கலாம். அனுப்பலாம். ஆயினும் மின்னஞ்சலில் அனுப்பியது நகலேயாகும். அனுப்பியவரிடமும் அது இருக்கும், பெற்றவரிடமும் இருக்கும், பத்துப் பேருக்கு அனுப்பினால் பத்துப் பேரிடமும் இருக்கும். உரிமைப் பத்திரமோ ஒரு சமயத்தில் ஒருவர் வசமே இருத்தல் வேண்டும். மேலும், கையிற் பிடிக்கத்தக்க பொருளையே ஒருவர் கைவசம் வைத்திருக்க முடியும் என்பது ஆங்கிலச் சட்டத்தின் நெடுநாட் கொள்கை.

இச்சிக்கலை அவிழ்க்க, ஐக்கிய நாடுகளின் சர்வதேச வர்த்தகச் சட்ட ஆணையம் 2017-ம் ஆண்டில் ஒரு மாதிரிச் சட்டத்தை இயற்றியது. பஹ்ரைன் 2018-லும், சிங்கப்பூர் 2021-லும் அதனைத் தழுவிச் சட்டம் செய்தன. இங்கிலாந்து 2023-ல் மின் வர்த்தக ஆவணச் சட்டத்தை நிறைவேற்றி, அவ்வாண்டு செப்டம்பர் 20 முதல் நடைமுறைப்படுத்தியது. இவற்றின் சாரம் எளிது. மின்னாவணம் நம்பத்தக்க அமைப்பொன்றில் இருத்தல் வேண்டும். அசலும் நகலும் பிரித்தறியப்படல் வேண்டும். ஒரு சமயத்தில் ஒருவரே அதனை ஆள முடிதல் வேண்டும். கைமாறியவுடன் முன்னவரின் ஆட்சி அற்றுப்போதல் வேண்டும். இவை நிறைவேறினால் காகிதத்திற்குரிய சட்டப் பயன் யாவும் மின்னாவணத்திற்கும் உண்டு. அதே 2023-ல், 9 பெரிய கன்டெய்னர் கப்பற் குழுமங்கள் 2030-க்குள் தங்கள் சீட்டுகள் அனைத்தையும் மின்வடிவில் வழங்க உறுதி கூறின.

இரண்டு எச்சரிக்கைகள்

புதியதெல்லாம் குற்றமற்றது என்று எண்ணுதல் தகாது. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில், சரக்கை விடுவிக்கும் காகித உத்தரவுக்குப் பதிலாக இரகசிய எண்ணை மின்னஞ்சலில் அனுப்பும் முறை இருந்தது. 2012-ல் கோபால்ட் உலோகம் நிரம்பிய மூன்று கன்டெய்னர்கள் அங்கு வந்தன. உரியவரின் வண்டி செல்லுமுன் வேறு யாரோ வந்து இரண்டைக் கொண்டுபோய்விட்டனர். வழக்கு இங்கிலாந்து சென்றது. எண்ணை அனுப்பியது சரக்கை ஒப்படைத்ததாகாது என்று 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நஷ்டம் கப்பற் குழுமத்தின் தலையில் விழுந்தது.

மற்றொன்று, மேர்ஸ்க், ஐ.பி.எம். என்னும் இரு பெரிய நிறுவனங்கள் 2018-ல் தொடங்கிய ‘டிரேட்லென்ஸ்’ என்னும் மின்தளம். போட்டிக் குழுமங்களையும் ஒருங்கே சேர்த்துத் தன்னைத் தாங்கிக்கொள்ளும் அளவுக்கு வளராமையால், 2022-ல் அதனை மூடுவதாக அறிவித்தனர். கருவி சிறந்ததாயினும், பலர் கூடி ஏற்றாலன்றி நிலைக்காது. கூட்டுறவாளராகிய நமக்கு இது புதிய பாடமன்று.

நம் நாட்டு நிலை

நம் நாட்டில் 1856-ம் ஆண்டின் கப்பற் சீட்டுச் சட்டம் 2025 வரை நடப்பில் இருந்தது. அவ்வாண்டு புதிய சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. சீட்டின்மூலம் உரிமையும் கடப்பாடும் கைமாறுவதை அது தெளிவான மொழியிற் கூறுகிறது. மத்திய அரசு நெறிமுறைகள் வழங்கவும் இடமளிக்கிறது. ஆயின் மின்னாவணத்தை ஆளும் முறைக்கெனத் தனிப் பிரிவு அதில் இல்லை. சுங்கத்திற்குரிய ஷிப்பிங் பில் மின்வழியிலேயே செல்கிறது. தோற்றச் சான்றிதழும் மின்தளத்திற் கிடைக்கிறது. உரிமைச் சீட்டுக்கே இன்னும் வழி செப்பனிட வேண்டும்.

விவசாய அங்கத்தினருக்கு இது விளங்காத பொருளன்று. கிடங்கில் மஞ்சளையோ பருத்தியையோ இட்டுப் பெறும் கைமாற்றத்தக்க ரசீது, 2007-ம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஏற்பட்டு, 2017 முதல் மின்வடிவில் வழங்கப்படுகிறது. அதனைப் பிணையாக வைத்துக் கடனும் பெறுகின்றனர். நிலத்திற் கைகூடியது கடலிலும் கைகூடும்.

சங்கங்கள் செய்ய வேண்டுவன

மின்னாவணம் வந்தாலும் எழுத்துப் பிழை தானே திருந்திவிடாது. திருத்தம் வாரக் கணக்கிலன்றி மணிக்கணக்கில் முடியும், அவ்வளவே. ஆகவே இன்வாய்ஸ், பொதி விவரம், சீட்டு மூன்றிலும் பெயரும் எடையும் எண்ணிக்கையும் ஒத்திருக்கின்றனவா என்று சங்கம் ஏற்றுமதிக்கு முன்னரே கேட்டறிதல் வேண்டும். தாமதச் செலவு யாரைச் சேரும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளல் வேண்டும். பேரேட்டிற் கண்ட அக்கழிவு, அப்படி எழுதிக்கொள்ளாமையின் விலையே.

முடிவாக ஒன்று. சில சங்கங்களில், காரியதரிசியின் மின்கையொப்பச் சாவியும் அதன் இரகசிய எண்ணும் வெளியிலுள்ள கணினிக் கடைக்காரரிடமே இருக்கக் கண்டோம். ‘வேலை எளிதாக நடக்கிறது’ என்றனர். வெற்றுக் காசோலையிற் கையெழுத்திட்டுக் கடைத்தெருவில் வைப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. நாளை அச்சாவி ஒரு கப்பற் சரக்கின் உரிமையையே கைமாற்றவல்லதாகும். அது யார் வசம் இருக்க வேண்டும், யார் முன்னிலையிற் பயன்பட வேண்டும் என்பதை நிர்வாகக் குழு தீர்மானமாக எழுதிப் பதிவேட்டில் ஏற்றட்டும். அடுத்த பொதுக்கூட்டத்தில் அத்தீர்மானத்தைப் படிக்கும்படி கேட்பது அங்கத்தினர் ஒவ்வொருவரின் உரிமை, கடமையுமாகும்.