படமும் அட்டவணையும் மேற்கோளாதல்

நூலாராய்ச்சி செய்வோர் ஒரு செய்யுளை மேற்கோளாக எடுத்துக்காட்டுங்கால், நூற்பெயரையும் செய்யுளெண்ணையும் உடன் கூறுதல் மரபு. அவை கூறப்படாவிடின், கற்றோர் அதனைச் சான்றாகக் கொள்ளார். ஆயின், திருவுருவப் படத்தையோ சுவரோவியத்தின் படியையோ தத்துவ அட்டவணையையோ கட்டுரையில் அமைப்போர் பலர் அவற்றுக்கு இம்மரபைக் கைக்கொள்வதில்லை. 'நடராசர், சோழர் காலம்' என்னும் அளவில் நிறுத்திவிடுகின்றனர். படமும் ஒரு சான்றே. சான்றெனின், பிறர் சென்று கண்டு தெளிதற்குரிய இடம் சுட்டப்படல் வேண்டும்.

சுட்டும் முறை வருமாறு: படங்களுக்கு ஒரு தொடரெண்ணும் அட்டவணைகளுக்கு வேறொரு தொடரெண்ணும் இடுக. அப்பொருள் பேசப்படுமிடத்து அவ்வெண்ணையே குறிக்க. 'கீழுள்ள படம்' என்று எழுதின், அச்சிற் பக்கம் மாறுங்காற் பொருள் மயங்கும். படத்தின் விளக்கம் அதன் கீழும், அட்டவணையின் தலைப்பு அதன் மேலும் நிற்றல் பெரும்பான்மை வழக்கு. கலைப்பொருளாயின் செய்தவர், பொருளின் பெயர், காலம், செய்பொருள், அளவு, முன்னிருந்த இடம், இன்றுள்ள இடம், ஆண்டுப் பெற்ற பதிவெண், படம் எடுத்தவர் ஆகியவை கூறப்படும். செய்தவர் பெயர் தெரியாதாயின், தெரியவில்லை என்றே எழுதுக, ஊகத்தால் நிரப்பற்க.

திருவெண்காட்டு இடபவாகன தேவர் திருமேனியை எடுத்துக்கொள்வோம். 'இடபவாகன தேவர், செப்புத் திருமேனி, கி.பி. 1011, திருவெண்காடு, இன்று தஞ்சாவூர்க் கலைக்கூடம்' என எழுதின், முன்னிருந்த ஊரும் இன்றுள்ள இடமும் ஒருங்கே விளங்கும். ஈண்டுக் காலம் கல்வெட்டாற் பெறப்பட்டது. வடிவமைதி நோக்கி ஊகித்த காலம் இதனோடு ஒத்த வலியுடையதன்று. ஆதலின், காலம் எவ்வாறு பெறப்பட்டது என்பதையும் குறித்தல் நன்று.

ஓவியத்தில் இக்கருத்து இன்னும் வெளிப்படை. தஞ்சைப் பெருவுடையார் கோயிலிற் கருவறையைச் சூழ்ந்த இடைவழியில், நாயக்கர் காலப் பூச்சின் கீழ் மறைந்திருந்த சோழர் கால ஓவியங்களை எசு. கே. கோவிந்தசாமி 1931இல் கண்டறிந்தார். ஒரே சுவரில் இரு காலத்து ஓவியம் உண்மையின், 'தஞ்சைக் கோயில் ஓவியம்' என்பது மட்டும் போதாது. சுந்தரமூர்த்தி சுவாமிகள் வரலாற்றுக் காட்சியைக் காட்டுவோர், எச்சுவர், எப்பூச்சு என்றும் கூறல் வேண்டும்.

இனி அட்டவணை. சித்தாந்தத்தில் ஆன்மதத்துவம் 24, வித்தியாதத்துவம் 7, சிவதத்துவம் 5 ஆகத் தத்துவம் 36. தாத்துவிகம் 60 கூட, தொகை 96 ஆம். வேதாந்த நூல்களிலும் 96 என்னும் தொகை உண்டு. ஆயின் உள்ளடங்குவன வேறு. தலைப்பில் '96 தத்துவங்கள்' என்று மட்டும் இட்டு, எடுத்த நூலைக் கூறாத அட்டவணை, ஒரு கொள்கையை மற்றொன்றாகக் காட்டிவிடும். உள்ளவாறே எடுத்ததாயின் நூலும் பக்கமும் குறிக்க. நிரல் மாற்றியதாயின் 'இன்ன நூலைத் தழுவியது' என்க. தாமே தொகுத்ததாயின் அதனையும் சொல்லுக.

மேலும், திருமேனி பழையதாயினும் அதன் புகைப்படம் புதியது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் புகைப்படத்துக்குத் தனியுரிமை வழங்குகின்றது. ஆகவே, எடுத்தவர் பெயரைக் குறித்தலோடு, அச்சிடுமுன் உரியவரது இசைவைப் பெறுதலும் பெரும்பாலும் வேண்டப்படும்.

இவையெல்லாம் வெறும் ஒழுங்குமுறை எனக் கருதுவார் உளராயின், அவர் அண்மைக் காலத்து நிகழ்ந்தது ஒன்றை நோக்குக. அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் கோயிலினின்று களவுபோன நடராசத் திருமேனியை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் விலைக்கு வாங்கியது. வாங்கியபோது காட்டப்பட்ட உரிமைத்தாள்கள் பொய்யானவை. அப்பொய்யை வெளிப்படுத்தத் துணைநின்றவை, புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தார் முன்னரே எடுத்து, ஊரும் கோயிலும் குறித்துவைத்த புகைப்படங்கள். 2014இல் அத்திருமேனியும், சிட்னியிலிருந்த விருத்தாசலத்து அர்த்தநாரீசுவரர் கற்சிலையும் இந்தியாவுக்குத் திருப்பியளிக்கப்பட்டன.

அப்படங்களில் ஊர்ப்பெயர் எழுதப்படாதிருப்பின், அவை எக்கோயிலுக்கு உரியன என நிறுவுதல் அரிதாயிருக்கும். படத்தின் கீழ் ஒரு வரி எழுதுவார்க்கு அவ்வரி சிறிது. பின்வருவார்க்கு அதுவே ஆவணம்.