நோய் எதிர்ப்பு என்றால், எந்த நோய்க்கு?

ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லி முடிகிற விஷயம் இல்லை இது. பொறுமையாகக் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

மக்காச்சோளத்தின் அடி இலைகளில் சுருட்டு வடிவத்தில், பழுப்பும் சாம்பலுமாக, காய்ந்த பட்டைகள் நீளநீளமாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் டர்சிகம் இலைக்கருகல். ஒரு பட்டை அரையடி வரைகூட நீளும். காலைப் பனி இலையில் நெடுநேரம் தங்கி, வெயிலும் மிதமாக இருக்கிற நாட்களில் நோய் மளமளவென்று மேலேறும். பூப்பதற்கு முன்பே மேல் இலைகளைப் பிடித்துவிட்டால் விளைச்சலில் பாதியைக்கூடக் கொண்டுபோய்விடும். இதற்குப் பயந்துதான் விதைக்கடையில் 'நோய் எதிர்ப்பு ரகம்' என்று அச்சடித்த பையைத் தேடி எடுக்கிறோம். அந்த விதை முளைத்து இலைவிட்ட பிறகு உண்மையில் என்ன செய்கிறது?

நம் உடம்பில் கிருமி நுழைந்தால் அதைத் துரத்திப் பிடிக்க ரத்தத்தில் அணுக்கள் ஓடிவரும். செடிக்கு அப்படி ஓடிவர யாரும் கிடையாது. நின்ற இடத்திலேயே நிற்கும் ஒவ்வொரு செல்லும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும்; பக்கத்துச் செல்லுக்கும் தூரத்து இலைக்கும் சேதி அனுப்ப வேண்டும். அந்தச் சேதியைச் சுமப்பவை ஹார்மோன்கள். இலைநோயைப் பொறுத்தவரை இரண்டு பேரை முதலில் தெரிந்துகொண்டால் போதும்: சாலிசிலிக் அமிலம், ஜாஸ்மோனிக் அமிலம்.

இரண்டும் நமக்குப் பழக்கமானவைதான். சாலிசிலிக் அமிலம் ஆஸ்பிரின் மாத்திரையின் நெருங்கிய உறவு. இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1979-ல் புகையிலை இலைக்குள் ஆஸ்பிரினைச் செலுத்திப் பார்த்தார்கள். தேமல் வைரஸை அந்த இலைகள் முன்பைவிட நன்றாகத் தாங்கின. ஜாஸ்மோனிக் அமிலத்தின் கதை மணமானது. அதன் மெத்தில் வடிவத்தை 1962-ல் முதன்முதலாகப் பிரித்தெடுத்தது நாம் ஜாதிமல்லி, பிச்சி என்று சொல்லும் பூவின் எண்ணெயிலிருந்து. பூக்கடையில் மணக்கிற அதே பொருளின் குடும்பம், மக்காச்சோள இலையைப் புழு கடித்தால் எச்சரிக்கையாக ஊறிவருகிறது.

எதற்கு இரண்டு? ஏனென்றால் எதிரிகள் இரண்டு விதம். துருநோய்ப் பூஞ்சை உயிருள்ள செல்லில் மட்டும்தான் பிழைக்கும். செல் செத்தால் அதுவும் பட்டினி. இன்னொரு வகைப் பூஞ்சை செல்லை நஞ்சூட்டிக் கொன்றுவிட்டு, செத்ததைத் தின்னும். முதல் வகைக்கு இலை கொடுக்கும் பதில், நோய் நுழைந்த இடத்தைச் சுற்றியுள்ள செல்களைத் தானே சாகடித்துவிடுவது. கூரை வீடுகள் உள்ள தெருவில் தீப்பிடித்தால் அடுத்த வீட்டுக் கூரையைப் பிய்த்துப்போட்டுத் தீ பரவாமல் தடுப்பார்களே, அது போல. இந்த வேலையில் சாலிசிலிக் அமிலத்துக்குப் பெரிய பங்கு. ஆனால் இரண்டாம் வகைப் பூஞ்சைக்குச் செத்த செல் விருந்து. அதற்கு எதிராக ஜாஸ்மோனிக் அமிலமும் எத்திலீன் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்து வேறு வழியில் போராட வேண்டும். அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துச் சிறுசெடியில், இந்த இரண்டு வழிகளில் ஒன்று ஓங்கினால் மற்றது அடங்குவதைத் தெளிவாகக் காட்டியிருக்கிறார்கள். புல் குடும்பத்தில் விதி அவ்வளவு கறார் இல்லை. நெல்லில் நோயே இல்லாதபோதும் சாலிசிலிக் அமிலம் நிறைய இருக்கிறது.

டர்சிகம் பூஞ்சை இந்த இரண்டு வகையிலும் அடங்காது. அதுதான் அதன் கெட்டிக்காரத்தனம். முதலில் செல்களைக் கொல்லாமல் சத்தமில்லாமல் இலைக்குள் இறங்கி, தண்ணீர் ஓடும் குழாய்களை அடைகிறது. அதன் பிறகுதான் கொல்லத் தொடங்குகிறது. முதல் வாரத்துக்குச் சரியான பதில் அடுத்த வாரத்தில் தவறாகிவிடலாம்.

எல்லாத் தற்காப்பையும் எப்போதும் முடுக்கி வைத்திருந்தால் என்ன என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. மக்காச்சோளத்திலேயே அதற்கு விடை இருக்கிறது. துருநோயை எதிர்க்கும் மரபணுத் தொகுதியில் உருவான ஆர்பி1-டி21 என்ற வடிவம், எதிரியே இல்லாதபோதும் தற்காப்பைத் தொடங்கிவிடும். இலையெல்லாம் தானாகவே புள்ளி புள்ளியாகச் செத்து, செடி குட்டையாக நின்றுவிடும்.

மறுபக்கமும் உண்டு. டெக்சாஸ் விஞ்ஞானிகள் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், ஜாஸ்மோனிக் அமிலம் தயாரிக்கத் தேவையான இரண்டு மரபணுக்களைச் செயலிழக்கச் செய்த மக்காச்சோளச் செடிகள் இருந்தன. வேரழுகல் நோய் அவற்றை எளிதாகச் சாய்த்தது. அதைவிட ஆச்சரியம், உச்சியில் இருக்க வேண்டிய ஆண் பூக்கொத்து பெண் பூக்களாக மாறிவிட்டது. நோயைச் சமாளிக்கிற ஹார்மோன்தான் ஆண் பூவையும் உருவாக்கித் தருகிறது. எனக்கு இந்த ஆய்வு மிகவும் பிடிக்கும். ஹார்மோனைக் கூட்டினால் நோய் போய்விடும் என்று பேசுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: ஒன்றை அசைத்தால் பூ, உயரம், கதிர் எல்லாம் அசையும். அதனால்தான் பயிர்ப்பெருக்க அறிஞர்கள் ஹார்மோனை நேரடியாகத் தொடாமல், எதிரியை அடையாளம் காணும் மரபணுக்களைத் தேடுகிறார்கள்.

எதிர்ப்பு மரபணுக்களைத் தேடியதில் முதல் வெற்றியே மக்காச்சோளத்தில் கிடைத்தது. 1992-ல் குரி ஜோஹலும் ஸ்டீவன் பிரிக்சும் எச்எம்1 மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். எந்தத் தாவரத்திலும் இவ்வாறு பிரித்தெடுக்கப்பட்ட முதல் நோய் எதிர்ப்பு மரபணு அது. ஒரு வகை இலைப்புள்ளிப் பூஞ்சை எச்.சி.-நஞ்சு என்ற பொருளைச் சுரந்து, செல்லின் தற்காப்பு மரபணுக்கள் எழவிடாமல் அமுக்குகிறது. எச்எம்1 உண்டாக்கும் நொதி அந்த நஞ்சைச் செயலிழக்க வைக்கிறது. மற்றதைச் செடியே பார்த்துக்கொள்கிறது.

நஞ்சால் கொல்லும் இன்னொரு பூஞ்சையால் 1970-ல் அமெரிக்கா பட்ட பாட்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒட்டுவிதை தயாரிக்கத் தாய்ச்செடியின் ஆண் பூக்கொத்தைக் கையால் பிடுங்க வேண்டும், கூலி அதிகம். மகரந்தமே தராத 'டெக்சாஸ்' வகைத் தாய்ச்செடி கிடைத்ததும் எல்லாரும் அதற்கு மாறினார்கள். நாட்டின் மக்காச்சோளத்தில் ஏறத்தாழ 85 சதவீதம் அந்த ஒரே வகை. மகரந்தத்தைத் தடுத்த அதே புரதம் மேடிஸ் இலைக்கருகல் பூஞ்சையின் நஞ்சுக்கும் இடம் கொடுத்தது. நஞ்சு பட்டதும் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் துளை விழுந்தது. தெற்கே தொடங்கிய நோய் வடக்கு நோக்கிப் பரவி, அந்த ஆண்டு விளைச்சலில் சுமார் 15 சதவீதத்தை அழித்தது. டெக்சாஸ் வகை இந்த நோய்க்கு எளிதில் இரையாகிறது என்று பிலிப்பைன்ஸில் 1960களின் தொடக்கத்திலேயே எழுதியிருந்தார்கள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதது இன்று நினைத்தாலும் வேதனையாக இருக்கிறது.

டர்சிகத்துக்கு வருவோம். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஆர்தர் ஹூக்கர் 1960களில் எச்டி1 மரபணுவை அறிமுகப்படுத்தினார். அது உள்ள இலையில் பட்டை பெரிதாகாது, பூஞ்சை வித்துகளும் அதிகம் உருவாகாது. எச்டி1 பரவலாக விதைக்கப்பட்டது. 1970களிலேயே ஹவாயில் அதை மீறும் பூஞ்சை இனம் தலைகாட்டியது. தனக்குத் தெரிந்த ஒரு அடையாளத்தை வைத்துத்தான் அந்த மரபணு எதிரியைப் பிடிக்கிறது. அடையாளம் மாறிவிட்டால் பிடி நழுவிவிடும்.

எச்டிஎன்1 வேறு மாதிரி. மெக்சிகோவின் பெபிடில்லா என்ற நாட்டு மக்காச்சோளத்திலிருந்து வந்தது. தென்னாப்பிரிக்காவில் கெவர்ஸ் 1975-ல் இதை விவரித்தார். 2015-ல் சூரிச் ஆய்வாளர்கள் இதன் உருவத்தைக் கண்டறிந்தார்கள்: செல்சுவரை ஒட்டி நின்று வெளியே நடப்பதை உணரும் ஒரு ஏற்பிப் புரதம். இது நோயை முழுதாக நிறுத்துவதில்லை. பூஞ்சை உள்ளே புகுவதைச் சிரமமாக்கி, பட்டை விழுவதைப் பூக்கும் காலம் தாண்டித் தள்ளிப்போடுகிறது. கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் மணியை நிரப்புவது கதிருக்கு அருகிலும் மேலும் உள்ள இலைகள். பால் பிடித்து மணி முற்றும்வரை அவை பச்சையாக இருந்தால், அதன்பின் கருகினாலும் விளைச்சலில் பெரிய ஓட்டை விழாது.

ஆகவே கடையில் பையை எடுக்கும்போது எந்த நோய்க்கு எதிர்ப்பு என்று கேளுங்கள்: டர்சிகமா, மேடிசா, துருவா, அடிச்சாம்பலா? உங்கள் வயலில் போன வருடம் எது வந்தது, எந்தப் பருவத்தில் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். துருவைத் தாங்கும் விதை டர்சிகத்தைத் தாங்கும் என்று இல்லை. பக்கத்து வயல்காரர்கள் அத்தனை பேரும் ஒரே ரகம் போட்டிருந்தால், நீங்கள் வேறொன்றைப் பாருங்கள்.