முரட்டுக் கடி நாய்க்கு உறுதியான விளையாட்டுப் பொருள்

காரைக்கால் பகுதியில் களத்தையும் தென்னந்தோப்பையும் காக்கும் நாய்கள் பாசனக் குழாயைக் கடித்துக் குதறுவது உழவர்கள் அறிந்ததே. குட்டிக்குச் சுமார் 4 முதல் 6 மாத வயதில் பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும். ஈறு உறுத்துவதால் அது எதையும் மெல்லும். அடித்துப் பயனில்லை; கடிக்கத் தகுந்த பொருளைக் கொடுப்பதே வழி.

கெட்டியான ரப்பர் பொம்மை நீண்ட நாள் உழைக்கும். நாயின் வாய்க்குள் முழுதும் நுழையாத அளவில் வாங்கவேண்டும். நகத்தால் அழுத்தினால் சற்றேனும் பதியவேண்டும்; பதியாவிடில் பல் உடையலாம். துண்டு பெயரத் தொடங்கினால் உடனே அகற்றிவிடுங்கள்.

வேகவைத்த எலும்பு கூரிய சில்லுகளாக உடைந்து குடலைக் குத்தும். தேங்காய் நாரை விழுங்கினால் குடல் அடைபடக்கூடும். யாவற்றிலும் கொடியது காலியான பூச்சிமருந்துப் புட்டி. அதில் ஒட்டியுள்ள மருந்தே நாயைக் கொல்லக்கூடும். மருந்து கலக்கும்போதே புட்டியை மும்முறை கழுவி, அந்நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றுங்கள். புட்டியைத் துளையிட்டு, நாய்க்கும் குழந்தைக்கும் எட்டாதவாறு பூட்டி வையுங்கள்.