காரில் மரப் பிசினா? பிளேடை எடுக்காதீர்கள்!

வெயில் காலத்தில் காரை எங்கே நிறுத்துவது? மர நிழலில்தான். சென்னையானாலும் சரி, மதுரையானாலும் சரி, இதில் மாற்றம் இல்லை. ஒரு வேப்ப மரமோ, தூங்குமூஞ்சி மரமோ இருந்தால் போதும். அதன் அடியில் கார்கள் வரிசையாக நிற்கும்.

நிழல் தரும் மரம் சில சமயம் வேறொன்றையும் தருகிறது. மாலையில் வந்து பார்த்தால் காரின் மேல் சொட்டுச் சொட்டாக ஏதோ ஒட்டியிருக்கும். தொட்டால் பிசுபிசுக்கும். துணியால் துடைத்தால் பரவும். இரண்டு நாள் வெயில் பட்டுவிட்டாலோ, கல் போல் இறுகிவிடும்.

அப்போதுதான் பலருக்கு ஆத்திரம் வருகிறது. ஒருவர் பிளேடை எடுக்கிறார். இன்னொருவர் பாத்திரம் தேய்க்கும் நாரை எடுக்கிறார். மூன்றாமவர் பெட்ரோலில் துணியை நனைக்கிறார். பிசின் போய்விடுகிறது. அதோடு காரின் பளபளப்பும் போய்விடுகிறது!

காரைக் கெடுப்பது பெரும்பாலும் பிசின் அல்ல. அதை எடுக்கும் அவசரம்தான். வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவருக்கு இது சிறிய விஷயம் அல்ல. ஒரு கதவுக்கு மறுபடி பெயிண்ட் அடிப்பதென்றால் கைப்பணம் போகும். வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களின் வருமானமும் போகும்.

தாள் போன்ற பூச்சு

கார் பெயிண்ட் எவ்வளவு கனம் இருக்கும்? பலரும் நினைப்பது போல் அது கெட்டியான பூச்சு அல்ல. இந்தக் காலத்துக் கார்களில் எல்லாப் பூச்சுகளையும் சேர்த்தாலும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்குச் சற்று அதிகம். அதாவது, எழுதும் தாள் ஒன்றின் கனம்!

அதற்குள் பல அடுக்குகள் உண்டு. இரும்புத் தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் பூச்சு. அதன் மேல் அடிப்பூச்சு. பிறகு நிறம். எல்லாவற்றுக்கும் மேலே, கண்ணாடி போல் தெளிந்த ஒரு பூச்சு. பளபளப்பைத் தருவது இந்த மேல் பூச்சுதான். அதன் கனம் ஏறக்குறைய ஒரு தலைமயிர் அளவே.

பிளேடு பட்டால் இந்தப் பூச்சு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கீறல் இரும்பு வரை போய்விட்டால், மழைத் தண்ணீர் பட்டு அங்கே துரு பிடிக்கும்.

அதற்காகப் பிசினை அப்படியே விட்டுவிடவும் கூடாது. வெயிலில் தகடு சூடாகிறது, இரவில் குளிர்கிறது. இறுகிய பிசின் சுருங்கும்போது பெயிண்டையும் பிடித்து இழுக்கிறது. நாள் ஆக ஆக, அந்த இடத்தில் அழியாத தழும்பு விழும். ஆகவே கண்டதும் கவனிக்க வேண்டும். ஆனால் பதறக் கூடாது.

எது ஒட்டியிருக்கிறது?

மரத்திலிருந்து வடிவது எல்லாம் ஒரே பொருள் அல்ல. எது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலாவது, பிசின். வேம்பு, கருவேலம், முருங்கை ஆகிய மரங்களில் வடிவது இது. கருவேலம் பிசினைத் தண்ணீரில் ஊற வைத்துத் தாள் ஒட்டியதைப் பெரியவர்கள் அறிவார்கள். தண்ணீரில் ஊறும் பொருளை எடுக்கத் தண்ணீரே போதும்.

இரண்டாவது, பால். பலா, ஆல், அத்தி மரங்களில் வருவது இது. காய்ந்தால் ரப்பர் போல் இழுக்கும். தண்ணீருக்கு அசையாது. பலாப்பழம் அறுக்கும் பெண்கள் என்ன செய்கிறார்கள்? கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொள்கிறார்கள். அந்தப் பால் எண்ணெய்க்குத்தான் இளகும். காருக்கும் அதே வழிதான்.

மூன்றாவது, குங்கிலியம் போன்ற பிசின். கொடைக்கானல் போன்ற மலை ஊர்களில் பைன் மரத்தடியில் காரை நிறுத்துகிறவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். தண்ணீரில் இது கரையாது. ஸ்பிரிட்டில் கரையும்.

மரம் செய்யாத குற்றம்

இன்னொன்றும் உண்டு. மாமரம் பூக்கும் காலத்தில் கார் முழுவதும் சிறு சிறு துளிகளாக ஒட்டும். மரம்தான் வடிக்கிறது என்று எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில் அது மரத்தின் வேலை அல்ல. பூங்கொத்தில் தத்துப்பூச்சிகள் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சுகின்றன. அவை கழிக்கும் இனிப்புத் திரவம்தான் கீழே விழுகிறது. அதன் மேல் கரும்பூசணம் வளர்ந்து இலையும் கறுக்கும். மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

இது வெறும் சர்க்கரைப் பாகு போன்றது. அன்றைக்கே கழுவினால் சுலபமாகப் போய்விடும்.

எப்படி எடுப்பது?

முதலில் காரை நிழலுக்குக் கொண்டு வாருங்கள். தகடு சூடு ஆறட்டும். பிறகு கார் ஷாம்பு கலந்த தண்ணீரால் கழுவுங்கள். தூசியும் மணலும் போக வேண்டும். மணல் இருக்கும்போது துடைத்தால், அதுவே உப்புத்தாள் போல் பெயிண்டை அறுத்துவிடும்.

அடுத்து, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் எடுங்கள். கொதிக்கும் நீர் வேண்டாம். மெல்லிய துணியை அதில் நனைத்துப் பிசின் மேல் போடுங்கள். ஐந்து நிமிஷம் அப்படியே இருக்கட்டும். ஆறியதும் மறுபடி நனைத்துப் போடுங்கள். பிசின் ஊறி இளகியதும் மெதுவாக ஒற்றி எடுங்கள். பெரும்பாலும் இதிலேயே காரியம் முடிந்துவிடும்.

பாலாக இருந்தால் அதன் மேல் சிறிது தேங்காய் எண்ணெய் தடவுங்கள். பத்து நிமிஷம் கழித்துத் துடைத்தால் உருண்டு வரும். பிறகு ஷாம்பு போட்டுக் கழுவிவிடுங்கள். எண்ணெய் தங்கினால் தூசி படியும்.

இரண்டுக்கும் அசையவில்லையா? அப்போதுதான் ஸ்பிரிட். மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் ஒரு துளி வைத்துத் துடைத்துப் பாருங்கள். துணியில் நிறம் ஒட்டினால் நிறுத்திவிடுங்கள். பழைய கார்கள் சிலவற்றில் தெளிந்த மேல் பூச்சு கிடையாது. அவற்றுக்கு ஸ்பிரிட் ஆகாது. புதிதாகப் பெயிண்ட் அடித்த காருக்கும், பளபளப்பு இல்லாத மங்கல் பெயிண்டுக்கும் பட்டறையில் கேட்ட பிறகே எதையும் தொட வேண்டும்.

நிறம் ஒட்டாவிட்டால், சுத்தமான துணியில் சிறிது ஸ்பிரிட் நனைத்துப் பிசின் மேல் அரை நிமிஷம் வைத்திருங்கள். தேய்க்காமல் ஒற்றுங்கள். துணியின் புதுப் பக்கத்தைத் திருப்பித் திருப்பி எடுங்கள். முடிந்ததும் உடனே தண்ணீரால் கழுவி, ஈரத்தைத் துடைத்து, மெழுகுப் பாலிஷ் போடுங்கள். ஸ்பிரிட் பட்ட இடத்தில் பழைய மெழுகு போயிருக்கும்.

ஜாக்கிரதை!

ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும். பகல் வெளிச்சத்தில் அந்தத் தீ கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. ஆகவே என்ஜின் சூடாக இருக்கும்போது வேண்டாம். பக்கத்தில் பீடி, சிகரெட், விளக்கு எதுவும் கூடாது. காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். அது குடித்தால் விஷம். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

பெட்ரோல் இன்னும் ஆபத்து. அதன் ஆவி தூரத்தில் இருக்கும் நெருப்பையும் பிடித்துக்கொள்ளும். தின்னரும், நகப் பூச்சைப் போக்கும் திரவமும் பெயிண்டையே இளக்கிவிடும். விளக்கின் பிளாஸ்டிக் மூடியை மங்கச் செய்யும். பற்பசையும் பாத்திரம் தேய்க்கும் தூளும் பளபளப்பை அறுக்கும்.

முன் கண்ணாடியில் பிசின் இருந்தால், உலர்ந்த நிலையில் வைப்பரை ஓட்டாதீர்கள். பிசின் கண்ணாடி முழுவதும் பரவும். இரவில் எதிர் வண்டியின் வெளிச்சம் பட்டால் பாதையே தெரியாது. இது அழகைப் பற்றிய விஷயம் அல்ல, உயிரைப் பற்றியது. புறப்படும் முன் கண்ணாடியைத் துடைத்துவிடுங்கள்.

வருமுன் காப்போம்

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை காருக்கு மெழுகுப் பாலிஷ் போடலாம். பிசின் மெழுகின் மேல் தங்கும். பெயிண்டைச் சீக்கிரம் பற்றாது. உறை போடுகிறவர்கள் கழுவிய காருக்கே போட வேண்டும். தூசி படிந்த காரின் மேல் உறை உரசினால் கீறல் விழும். நிறுத்துமுன் தரையைப் பாருங்கள். கீழே கறை கறையாக இருந்தால், நான்கு அடி தள்ளி நிறுத்துங்கள்.

ஒரு சொட்டுப் பிசினுக்காகக் கிளையை வெட்டுகிறவர்களும், மரத்தையே வெட்டச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். கடும் வெயிலும் பெயிண்டை வெளுக்கச் செய்யும் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். மரம் வளரப் பல வருஷம் ஆகும். பிசினை எடுக்க ஒரு துணியும், கொஞ்சம் வெந்நீரும், கால் மணி நேரப் பொறுமையும் போதும்.