சனிக்கிழமை வகுப்பு, திங்கட்கிழமை ஷிப்ட்

கெலமங்கலத்திலிருந்து பெங்களூரு பன்னேர்கட்டா சாலைக்குப் போக இரண்டு வழி. ஓசூர், அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி என்று போனால் பொம்மனஹள்ளி, சில்க் போர்டு நெரிசலில் நிற்க வேண்டும். தேன்கனிக்கோட்டை, ஆனேக்கல், ஜிகணி வழியில் கிரானைட் லாரிகளுக்குப் பின்னால் ஊர வேண்டும். ரோஜாவும் தக்காளியும் விளையும் ஊரில் இந்த வழிக் கணக்கு எதற்கு? 1973-ல் தொடங்கப்பட்ட ஐ.ஐ.எம். பெங்களூரு அந்தச் சாலையில்தான் இருக்கிறது.

ஓசூரில் லேலண்டும் டிவிஎஸ்ஸும் 1980-ஐ ஒட்டி வந்தன, பிறகு டைட்டன். இப்போது கெலமங்கலம், உத்தனப்பள்ளி பக்கம் டாட்டா எலக்ட்ரானிக்ஸ். டிரெய்னியாகச் சேர்ந்த எஞ்சினியர் முப்பத்தைந்து வயதில் ஒரு லைனையே நடத்துகிறார். அதற்கு மேல் ஒரு படி ஏற நினைக்கும்போதுதான் எம்.பி.ஏ. ஞாபகம் வருகிறது.

வேலையில் இருப்பவர்களுக்கென்று நிர்வாகப் படிப்பை 1943-லேயே சிகாகோ பல்கலைக்கழகம் தொடங்கிவிட்டது. ஐ.ஐ.எம். பெங்களூரில் இதில் இரண்டு வகை உண்டு. ஐந்து வருட அனுபவமாவது உள்ளவர்கள், வேலையை விட்டுவிட்டு வளாகத்திலேயே தங்கி ஒரே வருடத்தில் முடிப்பது ஒன்று. வேலையில் இருந்தபடியே வார இறுதிகளில் இரண்டு வருடம் படிப்பது மற்றொன்று. 1998-ல் மென்பொருள்காரர்களுக்காகத் தொடங்கியது இது. பிறகு எல்லாத் துறையினருக்கும் கதவு திறந்தது.

வீட்டுக்கடன் தவணை ஓடுகிற நம் எல்லைப் பகுதிக்காரருக்கு இரண்டாவதுதான் கட்டுப்படியாகும். ஆனால் அதுதான் ஆளை அதிகம் பிழிவதும். பி ஷிப்ட் முடிந்து வந்து இருபது பக்க கேஸ் படிக்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு குரூப் மீட்டிங். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பேங்க்காரர். அவருக்கு பேலன்ஸ் ஷீட் தண்ணீர் பட்ட பாடு. பங்குனிக் கல்யாணங்களுக்கு மொய் மட்டும் ஜி-பேயில் போகும். பிள்ளையின் பரீட்சையும் நம் பரீட்சையும் ஒரே வாரத்தில் வந்தால் வீட்டில் யார் யாருக்குப் பாடம் சொல்லித் தருவது?

கிடைப்பது என்ன? தரத்தைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. ஓசூரின் டிவிஎஸ் மோட்டார் 2002-லேயே டெமிங் பரிசு வாங்கியது. குறை, பணக் கணக்கில். ஸ்டோரில் 2 கோடி ரூபாய்க்கு உதிரிபாகம் கிடந்தால் லைன் நிற்காது என்று புரொடக்‌ஷன்காரர் நிம்மதியாக இருப்பார். 12 சதவீத வட்டி என்று வைத்துப் பாருங்கள்: வருடத்துக்கு 24 லட்சம், மாதம் 2 லட்சம் சும்மா போகிறது. இதைச் சனிக்கிழமை படித்துவிட்டு, திங்கட்கிழமை அதே ஸ்டோரைப் பார்க்கிறவருக்கு ரேக்குகள் வேறு மாதிரித் தெரியும். வெண்டரிடம் எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒருமுறை வாங்குவது என்ற பேச்சில் அவர் குரலுக்கு மதிப்பு கூடும். என் பார்வையில், கட்டிய பணத்துக்கு வசூல் இதுதான். பதவி உயர்வு கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அதை எந்தக் கல்லூரியும் எழுதித் தராது.

சேருவதற்கு முன் பட்டமா, சான்றிதழா என்று பார்த்துவிடுங்கள். ஐ.ஐ.எம். சட்டம் 2018 ஜனவரி 31-ல் அமலுக்கு வரும் வரை அந்த நிறுவனங்களே டிப்ளமோதான் தந்தன, இப்போது எம்.பி.ஏ. பட்டம் தர முடியும். ஆனால் ஐ.ஐ.எம். பெயர் போட்டு ஆன்லைனில் வரும் சில மாதப் படிப்புகளெல்லாம் பட்டமல்ல. போனில் பேசும் கவுன்சிலர் அதைக் கடைசி வரை தெளிவாகச் சொல்ல மாட்டார். கம்பெனியே ஃபீஸ் கட்டுகிறதென்றால் பாண்டு எத்தனை வருடம், நடுவில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், பிளாண்ட் வேறு ஊருக்கு மாறினால் என்ன கதி என்று எச்.ஆரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.